பள்ளியில் உளவியலாளர் எதற்கு? சேலத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஒரு பள்ளியில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் ஏற்காட்டுப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வருகிறேன். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில், பஸ் ஸ்டாப்பில், உழவர் சந்தையில் கீரை வாங்கும்போதுகூட அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் வரும் பிள்ளைகளை யாரென்று தெரியாதபடி மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

பள்ளி உளவியலாளர் என்றால் மனநல மருத்துவரா?

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தர அவரால் முடியும், என்னால் முடியாது. நான் படித்தது உளவியல். ஒரு பிள்ளை ஏன் படிக்கத் திணறுகிறது, ஏன் யாரோடும் சேராமல் ஒதுங்குகிறது, நன்றாகப் படித்த பெண்ணுக்குத் திடீரென்று ஏன் மார்க் இறங்கியது என்று தேடிப் பார்த்து, வீட்டிலும் வகுப்பிலும் எதை மாற்றலாம் என்று சொல்வது என் வேலை.

"சைக்காலஜிஸ்டைப் பாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும், "எம் பையன் என்ன பைத்தியமா?" என்று கண் கலங்கி வந்து உட்கார்ந்த அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த மனநோயும் கிடையாது. பிள்ளைக்கும் படிப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அது கண்ணாடி போடாத கண்ணாக இருக்கலாம். ராத்திரி முழுக்க ஓடும் விசைத்தறிச் சத்தமாக இருக்கலாம். அப்பாவின் குடியாகவும் இருக்கலாம்.

கவுன்சிலர், சிறப்பாசிரியர், உளவியலாளர் மூவரும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கவுன்சிலர் பிள்ளையோடு பேசி வழிகாட்டுவார். சிறப்பாசிரியர் கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அதற்கேற்ற முறையில் சொல்லிக் கொடுப்பார். சிரமம் எங்கே இருக்கிறது என்று சோதனை வைத்துக் கண்டறிவதும், ஆசிரியரோடும் பெற்றோரோடும் சேர்ந்து திட்டம் போடுவதும் உளவியலாளரின் வேலை. நம் ஊர்ப் பள்ளிகளில் பல இடங்களில் மூன்றையும் ஒரே ஆள்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்காகச் சோதனை செய்கிறீர்கள் என்றால் மட்டும், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? புதுசாகக் கிளம்பிய நாகரிகம்தானே?

1896இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் ஒரு பள்ளி ஆசிரியை பதினான்கு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். பையனுக்கு எழுத்துக்கூட்டி எழுதவே வரவில்லை. சோதித்துப் பார்த்தால் பார்வையில் கோளாறு இருந்தது. கண்ணாடி போட்டு, கூடவே பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பையனில் தொடங்கியதுதான் உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம். 1905இல் பாரிஸில் ஆல்பிரட் பினே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காக ஒரு சோதனையை உருவாக்கினார். 1915இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்னால்ட் கெசெல் 'பள்ளி உளவியலாளர்' என்ற பதவியிலேயே அமர்ந்தார். ஆக, நூறு வருடத்துக்கு மேல் பழைய வேலை இது.

நம் ஊருக்கு வருவோம். உங்கள் காலத்திலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். 'மக்கு' என்று பெயர் வாங்கி, எட்டாவதோடு நின்று, தறிக்குப் போனார்கள், கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் இன்று அப்பாவாக என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். வாசிப்புச் சிரமம் பல குடும்பங்களில் தலைமுறையாகத் தொடரும். ஒரு முறை பையனின் சோதனை முடிவை விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் இப்படியேதான் இருந்துச்சு. வாத்தியார் அடிச்சே பள்ளிக்கூடத்த விட்டுட்டேன்" என்றார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

பையன் வாய் ஓயாமல் பேசுகிறான். நோட்டைத் திறந்தால் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறான். சோம்பேறித்தனம்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு அதிகம் வருவதும் இதுதான், பிள்ளைகள் அதிகம் அடி வாங்குவதும் இதற்குத்தான்.

அம்மாப்பேட்டைப் பக்கத்து ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டில் தறி. தறியில் ஏற்றும் ஒரு பாவு நூலில் எத்தனை சேலை வரும், கூலி எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். தமிழ்ப் பாடத்தில் நாலு வரி படிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். 'கொக்கு' என்று எழுதச் சொன்னேன். கொம்பைப் போட்டான், காலை விட்டுவிட்டான்: 'கெக்கு'. பல சொற்களில் புள்ளியே வைப்பதில்லை. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தான். நோட்டெல்லாம் சிவப்பு மை.

ல, ள, ழ குழப்பம் மட்டும் இருந்தால் நான் பயப்பட மாட்டேன். நாக்கில் ழ வராத பெரியவர்களே நம் ஊரில் நிறையப் பேர். ஆனால் இரண்டு மூன்று வருடம் நன்றாகச் சொல்லிக் கொடுத்த பிறகும் எழுத்தும் ஒலியும் ஒட்டவே இல்லையென்றால் கவனிக்க வேண்டும். இன்னொன்று, தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். அதனால் சில பிள்ளைகள் தமிழைத் தப்பில்லாமல், ஆனால் எறும்பு ஊர்வதுபோல மெதுவாகப் படித்து ஒப்பேற்றிவிடுவார்கள். ஆங்கிலத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். அங்கே 'கட்' (cut), 'புட்' (put) இரண்டுக்கும் நடு எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஆங்கில வழிக்கு மாற்றிய பிறகுதான் 'திடீரென்று' மக்காகிவிட்டான் என்று சொல்லும் பெற்றோர் இதை நினைவில் வையுங்கள்.

இப்படி ஒரு பிள்ளை வந்தால் நான் உடனே சோதனைப் பெட்டியைத் திறப்பதில்லை. முதலில் கண், அப்புறம் காது. ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எத்தனை நாள் பள்ளிக்கு வந்தான், ஒன்றாம் வகுப்பிலிருந்து எத்தனை பள்ளி மாறினான் என்று கேட்பேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு பீரியட் பார்ப்பேன். இதிலேயே பாதிப் பேருக்குக் காரணம் கிடைத்துவிடும் என்று தோன்றும் அளவுக்கு இது முக்கியம். அதற்குப் பிறகுதான் பினே-காமத், மாலின் போன்ற நுண்ணறிவுச் சோதனைகளும், கற்றல் குறைபாட்டுக்காகப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனையும். ஒரே நாளில் முடிக்க மாட்டேன். களைத்த பிள்ளையிடம் எடுத்த முடிவு எதற்கும் உதவாது.

அந்தப் பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரையும் கிடையாது. தினமும் இருபது நிமிடம் ஒலியையும் எழுத்தையும் சேர்க்கும் பயிற்சி, வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொல்லாமல் இருப்பது, போர்டில் இருப்பது முழுவதையும் எழுத வைக்காமல் முக்கியமானதை மட்டும் எழுத வைப்பது, சில பாடங்களில் வாயால் பதில் சொல்ல விடுவது. இவ்வளவுதான் செய்தோம். இப்போதும் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆனால் சமூக அறிவியலில் வாய்மொழியாகக் கேட்டபோது கேள்விக்கு மேல் கேள்விக்குப் பதில் சொன்னான், ஆசிரியர் அவனைத் தட்டிக்கொடுத்தார். அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

பொதுத்தேர்வில் இதற்குச் சலுகை உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. எட்டு வயதிலிருந்து சான்றிதழ் வாங்கலாம். பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடி வராதீர்கள். நாலாவது, ஐந்தாவதிலேயே வாருங்கள்.

தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. நடிக்கிறாளா?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால், அது நடிப்பு என்று அர்த்தமில்லை. பயம் பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் வலிக்கும். வலி நிஜம்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஒரு மாதம் போராடியும் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை என்று கூட்டி வந்தார்கள். டீச்சர் பயமா, தோழிகள் சண்டையா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். பொம்மை வீடு வைத்து விளையாடும்போது கழிவறைக் கதவை மட்டும் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை. யாரோ கதவைத் தள்ளித் திறந்து சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். தாழ்ப்பாள் போட்டோம். சிரித்த பிள்ளைகளிடமும் பேசினோம். முதல் வாரம் பாதி நாள் மட்டும், அடுத்த வாரம் முழு நாள் என்று திரும்பினாள். லீவு நீள நீளத் திரும்புவது கடினமாகும், அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கும் இதே முறைதானா?

கீழே செய்வதை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போக முடியாது. இதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்து மொழி என்று நினைக்காதீர்கள், பேசுவது தமிழ்தான். ஆனால் சில சொற்களும் இழுத்துப் பேசும் முறையும் வேறு. கீழேயிருந்து வரும் ஆசிரியருக்கு முதல் மாதம் பிள்ளை வாயே திறக்காததுபோல் இருக்கும். சோதனையில் லிப்ட் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், லிப்டே பார்க்காத பிள்ளை என்ன சொல்லும்? அதே பிள்ளை எந்த மரத்தில் மிளகுக் கொடி நன்றாக ஏறும், எந்தக் காபிப் பழம் இன்னும் பறிக்கும் பக்குவத்துக்கு வரவில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அங்கே சோதனையில் வந்த எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அது அந்தப் பிள்ளையைப் பற்றிய பொய்.

காபிப் பழம் பறிக்கும் காலத்தில், நவம்பர் தொடங்கி, வருகை குறையும். அம்மா அப்பா எஸ்டேட்டுக்குப் போக, ஏழாவது படிக்கும் அக்கா வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். "இவளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை" என்று பதிவேட்டில் எழுதுவது சுலபம். தம்பியை அங்கன்வாடியில் விட யாராவது வழி செய்தார்களா என்று கேட்பதுதான் என் வேலை.

விடுதி இன்னொரு உலகம். வெளிநாட்டிலிருந்துகூடப் பிள்ளைகள் வந்து சேரும் பெரிய போர்டிங் பள்ளியானாலும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியானாலும், ஜூன் மாதம் பனி இறங்கி விளக்கணைத்த பிறகு வரும் அழுகை ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டை விட்டு வந்த சிறு பிள்ளை படுக்கையை நனைத்தால் திட்டாதீர்கள், போர்வையை எல்லோரும் பார்க்க வெயிலில் காயப் போடாதீர்கள். பெற்றோர் போன் பேசும் நேரத்தை நிச்சயமாக்குங்கள். சனிக்கிழமை ஐந்து மணி என்றால் ஐந்து மணி. "அழுதால் பார்க்கவே வரமாட்டேன்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள்.

நான் ஆசிரியர். நாற்பது பேரில் ஒருவன் மட்டும் உட்காரவே மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்ய?

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக நிற்பது லேசு இல்லை. அவனை முன் பெஞ்சில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வையுங்கள். பத்துக் கணக்கை இரண்டு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். நோட்டு அடுக்குவது, சாக்பீஸ் வாங்கி வருவது என்று எழுந்து நடக்க நியாயமான ஒரு வேலை கொடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அப்போதே "நல்லா இருந்த கண்ணு" என்று சொல்லிவிடுங்கள், சாயங்காலம் வரை வைத்திருக்காதீர்கள்.

வீட்டிலும் பள்ளியிலும், ஆறு மாதத்துக்கு மேலாக, படிப்பைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால்தான் அது கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறா என்று பார்ப்போம். அதை உறுதி செய்வதும் மருந்து தேவையா என்று முடிவெடுப்பதும் மருத்துவர். 'ஹைப்பர்' என்று நாமாகப் பட்டம் கட்ட வேண்டாம், அந்தப் பட்டம் அடுத்த வகுப்புக்கும் கூடவே போகும்.

இரண்டு அடி வைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல்ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், கண் தெரியாதவனை அடித்தால் கண் தெரியுமா?

பிள்ளை உங்களிடம் சொல்வதை எங்களிடம் சொல்வீர்களா?

எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன். முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்: "நீ சொல்றது இங்கேயே இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து, நீ வேறு யாருக்காவது ஆபத்து, உன்னை யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டாங்க, இந்த மூணுல ஒண்ணுன்னா மட்டும் நான் பெரியவங்ககிட்ட சொல்லியே ஆகணும்." பாலியல் துன்புறுத்தல் தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டம். அதில் எனக்கோ தலைமையாசிரியருக்கோ 'நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்' என்று சொல்ல இடமே இல்லை. தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம்.

மற்றபடி, யாரை அவளுக்குப் பிடிக்கிறது என்பதையெல்லாம் நான் வந்து சொல்ல மாட்டேன். எப்படி அவளிடமே பேசுவது என்று வேண்டுமானால் சொல்லித் தருகிறேன்.

"செத்துப் போகலாம்போல இருக்கு" என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். கேட்டால் இன்னும் அதிகமாகிவிடுமோ?

கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஒரு ஆளாவது கண்டுகொண்டார்களே என்று பிள்ளை மூச்சு விடும். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா சாமி?" என்று நேராகவே கேட்கலாம். "என்ன குறை வெச்சோம் உனக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். பதில் 'ஆமாம்' என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், வீட்டில் ஆபத்தான பொருள்களை, முக்கியமாகப் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும், அப்புறப்படுத்துங்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இரவு எந்த நேரமானாலும் 14416 என்ற டெலிமனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையோடு யாராவது வீட்டில் இருங்கள். துணைத் தேர்வு எழுதி அதே வருடம் மேலே படிக்கப் போகலாம் என்பதை முடிவு வருவதற்கு முந்தின வாரமே சொல்லி வையுங்கள்.

காத்து கருப்பு என்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டலாமா?

கட்டுங்கள். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும் நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. அது குடும்பத்துக்குத் தெம்பு. ஆனால் அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது எதுவும் கூடாது. கயிறு கட்டிய அதே வாரத்தில் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும். கண் சொருகி விழும் பிள்ளைக்கு அது வலிப்பாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

போன்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

எல்லாவற்றுக்கும் இல்லை. தூக்கம் கெடுவதற்குக் காரணம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து.

உளவியலாளரைப் பார்த்தது டி.சி.யில் ஏறுமா?

ஏறாது. என் குறிப்புகள் என் அலமாரியில் பூட்டித்தான் இருக்கும்.

எங்கள் பள்ளியில் உளவியலாளரே இல்லையே?

பெரும்பாலான பள்ளிகளில் இல்லை, இது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் விஷயம். அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் சங்கம் 500 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. நாம் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். அப்புறம், பெற்றோர் கூட்டத்தில் 'எங்கள் பள்ளிக்கு ஒருவர் வேண்டும்' என்று எழுந்து கேளுங்கள். கழிவறை, கம்ப்யூட்டர் எல்லாம் அப்படிக் கேட்டு வந்தவைதான்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

மார்க் ஷீட்டைவிடப் பழைய நோட்டுகள் எனக்கு உதவும். இரண்டாம் வகுப்பு நோட்டு கிடைத்தால் தங்கம். கண்ணாடி இருந்தால் கண்ணாடி, சாப்பிடும் மாத்திரை இருந்தால் அந்தச் சீட்டு. அம்மா மட்டும் வராமல் அப்பாவும் வந்தால் நல்லது, ஒரு நாள் கூலி போகுமே என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், இருப்பேன். பிள்ளையிடம் "ஊசி போட மாட்டாங்க, பேசிட்டு வரலாம்" என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். வரும் வழியில் "அங்கே போய் ஒழுங்கா இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் வீட்டில் எப்படி இருப்பானோ அப்படியே வரட்டும்.